என் மகளுக்கு நான் சித்தியாக இருந்த நாட்கள்

தலைமையாசிரியை அறையில் மின்விசிறி கடகடத்துக்கொண்டு சுற்றியது. மேசை மேலிருந்த காலாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டைகள் பறந்துவிடாமல் ஒரு டஸ்டரைத் தூக்கி மேலே வைத்திருந்தார்கள். சாக்பீஸ் தூளும் மல்லிகைப்பூவும் கலந்து ஒரு வாசனை. என் மகள் மதுமிதா எனக்கு இடப்பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க மதுமிதாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"சித்தி" என்றேன்.

"அம்மாவுக்குத் தங்கச்சியா? இல்ல சித்தப்பா வழியா?"

இந்தக் கேள்விக்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. நான் விழித்தேன்.

"அம்மாவோட தங்கச்சி, மிஸ்" என்று முந்திக்கொண்டாள் மது.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒங்க அக்காவுக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம் இருக்கணும்! பன்னெண்டு வயசுப் பொம்பளப் பிள்ளைய இங்கன விட்டுட்டுப் புருசனோட தீவுல போயி உக்காந்திருக்காவளே. நீங்க கூடப்பிறந்தவதான? நாலு வார்த்த கேக்கக் கூடாதா?"

அந்த அக்கா நான்தான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அன்றைய தேதிவரை ராமேஸ்வரத்தைத் தவிர வேறெந்தத் தீவிலும் நான் கால் வைத்ததில்லை.

துணிச்சல்காரர்கள்

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: 'சென்னை வாழ்க்கையை உதறிவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு மொரீசியஸ் போகும் துணிச்சல் உங்களுக்கு எப்படி வந்தது?'

துணிச்சலாம்! அந்தத் துணிச்சல் எந்த லட்சணத்தில் இருந்தது என்பதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பம் செல்போனில்தான். என் கணவர் செந்தில் ராஜபாளையத்துக்காரர். சென்னையில் மென்பொருள் வேலை. வேளச்சேரியில் குடியிருந்தோம். இரவுச் சாப்பாட்டின்போது தட்டுக்குப் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு தீவுக்குக் குடிபோனவர்களின் வீடியோக்களாகப் பார்ப்பார். எல்லா வீடியோவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, தலை சீவாத மூன்று பிள்ளைகள், ஒரு பப்பாளிப்பழம். அந்த அம்மாள் கடலைப் பார்த்துக்கொண்டு, தன் பிள்ளைகள் இப்போதுதான் குழந்தைகளாக இருக்கிறார்கள் என்பாள். செந்தில் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

"இந்த ஊர்ல பிள்ளைங்க மரம் ஏறிப் பாத்திருக்கியா?" என்று கேட்பார். இவர் ஏறியிருக்கிறாரா என்று நான் கேட்டதில்லை. நானும் அந்தப் பப்பாளிப்பழத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மொரீசியஸில் ஹோட்டல்களுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனி அவரை வேலைக்கு எடுத்துக்கொள்வதாக மின்னஞ்சல் அனுப்பியது. அதற்கு மறுவாரமே இங்கே ராஜினாமா கொடுத்தார். நானும் என் வேலையை விட்டேன். கட்டில், பீரோ, சோபா எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளினோம். மதுவின் பள்ளியில் டி.சி. வாங்கினோம். அங்கே வேலை பார்ப்பதற்கான அனுமதிச் சீட்டு பத்து நாளில் வந்துவிடும், அதுவரை ஊரில் இருந்துவிட்டு அப்படியே விமானம் ஏறிவிடலாம் என்று ஏழு பெட்டிகளோடு ராஜபாளையம் வந்து இறங்கினோம்.

அந்தப் பத்து நாள் ஒரு வருடத்துக்கு ஒரு மாதம் குறைவாக நீடித்தது.

கெடா வெட்டி அனுப்பினார்கள்

செந்திலின் அம்மா உயிரோடு இல்லை. தென்காசி ரோட்டில் ஊரைத் தாண்டி இருந்த அந்த வீட்டில் மாமனாரும், செந்திலின் அண்ணனும், அண்ணன் மனைவி மீனா அக்காவும், அவர்கள் மகளும் இருந்தார்கள். அண்ணனுக்கு பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட். மாமனார் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்ததும் போர்வையை நாலு முனையும் சமமாக மடித்து வைக்கிற ஆள்.

வந்த நாலாம் நாள் குலதெய்வம் கோயிலில் கெடா வெட்டு. ஏற்பாடு செந்தில்தான். நூற்றுக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். ஈயச் சொம்பு முதல் கழுத்துக்கு வைக்கிற தலையணை வரை பரிசுகள் குவிந்தன. அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்குமாம் என்று யாரோ சொல்ல, பந்தி முழுக்க அதே பேச்சு. ஆளாளுக்குச் செந்திலின் தோளைத் தட்டினார்கள். மைக் கிடைத்திருந்தால் அவர் பேசியே இருப்பார்.

மாமனார் மட்டும் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "நான் பதினேழு வருசம் பட்டாளத்துல இருந்தேன். போன்னு சொன்னா மறுநா ரயிலு. இம்புட்டு வழியனுப்பு எவனுக்கும் வச்சுப் பாத்ததில்ல. போயிட்டு வெட்டியிருக்கலாம்ல?"

யாரும் காதில் வாங்கவில்லை.

இரண்டு ஊர்

இங்கே என் பிறந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையத்திலிருந்து அரைமணி நேர பஸ் பயணம். இந்த அரைமணி நேரத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரையொருவர் இளப்பமாகப் பார்க்கிற அழகு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ராஜபாளையத்துக்காரர்களைக் கேட்டால், அவர்கள் கோயில் மணிக்கு எழுந்து கோயில் மணிக்குத் தூங்குகிற சோம்பேறிகள். அவர்களைக் கேட்டால், இவர்கள் மில் சங்கு ஊதாவிட்டால் விடிந்ததே தெரியாதவர்கள்.

எனக்குக் கல்யாணமாகி இந்த அரைமணி நேரத்தைக் கடந்தபோது என் அம்மா பஸ் மறையும்வரை அழுதாள். கடல் தாண்டிப் போகிறேன் என்று சொன்னபோது, "அங்க உறைமோர் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

மது பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான், தாய்வீட்டுப் பிரசவம். அதில் ஒரு வினை காத்திருந்தது. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் 'செந்தில்குமரன்' என்று இருந்தது. என் கணவர் செந்தில்குமார். மொரீசியஸிலிருந்து கேட்டுவிட்டார்கள், யார் இந்தக் குமரன் என்று. பதியப் போனவர் என் சொந்த அப்பா. மாப்பிள்ளையின் பெயரை அவர் அப்படித்தான் காதில் வாங்கியிருந்தார். நகராட்சி அலுவலகத்தில் பத்தே நாளில் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். திட்டுவதற்குக்கூட எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை.

திருத்திய சான்றிதழை அனுப்பியதும் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. புது இயக்குநர் வந்திருக்கிறார், எல்லாக் கோப்பையும் அவர் மறுபடி பார்க்கிறார், அடுத்த வாரம் சொல்கிறோம்.

அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றுதான் சொன்னார்கள்.

மூடிய பெட்டிகள்

ஏழு பெட்டிகளும் கூடத்தில் வரிசையாக நின்றன. எடை பார்த்துக் கட்டியாகிவிட்டது, பிரிக்கக் கூடாது என்பது செந்திலின் உத்தரவு. ஒரு சட்டை எடுக்க வேண்டுமென்றால்கூடப் பெட்டியைத் திறந்து, எடுத்து, மூடி, கொக்கித் தராசில் தொங்கவிட்டு மறுபடி எடை பார்ப்பார். பிள்ளைகள் மூன்று உடைகளையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். என் குக்கர் நாலாவது பெட்டியில் நாப்தலின் உருண்டைகளோடு கிடந்தது. மீனா அக்காவின் அடுக்களையில் நான் விருந்தாளிபோல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மரம் ஏறத்தான் தீவுக்கு என்றோமே! வீட்டுக்குப் பின்னாலேயே மாந்தோப்பு. என் ஐந்து வயது மகன் கவின் ஒருநாள் தாழ்ந்த கிளையில் காலை வைத்துவிட்டான். "இறங்குடா!" என்று மாடியிலிருந்து கத்தினார் செந்தில். "கையைக் காலை ஒடிச்சுக்கிட்டா மெடிக்கல்ல நிறுத்திருவான்!"

ஜூன் பிறந்தது. தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். கவின் தான் வீட்டில் இருப்பதைக் கடவுள் தனக்குக் கொடுத்த தனிச்சலுகையாக எடுத்துக்கொண்டான். மது வாசலில் நின்று பார்த்தாள்.

"எனக்கு ஸ்கூல் வேணும்" என்றாள் ஒரு வாரம் கழித்து.

"அடுத்த வாரம் கிளம்பிருவோம்டா. இங்க சேத்தா அங்க சேக்கிறப்ப ரெண்டு டி.சி. குழப்பமாயிடும்" என்றார் செந்தில்.

ஒரு குழப்பமும் ஆகாது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இங்கே ஒரு பள்ளியில் சேர்த்தால், கெடா தின்ற அத்தனை பேரிடமும் நாங்கள் போகவில்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த ஒரு காரணத்துக்காக ஏழாம் வகுப்புப் பிள்ளையை இரண்டு மாதம் வீட்டில் உட்கார வைத்தோம். பிள்ளைகளுக்காகத்தான் எல்லாம் என்று எந்த வாயால் சொன்னோமோ, அதே வாயால் தினமும் மூன்று வேளை சாப்பிட்டோம்.

செந்தில் மாடியில் மடிக்கணினியோடு இருப்பார். யார் கேட்டாலும், "ப்ராசஸ்ல இருக்கு" என்பார்.

"ப்ராசஸ்ல இருக்கு, ப்ராசஸ்ல இருக்குங்கானே," என்று மாமனார் மீனா அக்காவிடம் கேட்டார், "அது எந்தப் பக்கத்து ஊரு?"

காற்று நன்றாக அடிக்கிறது

ராஜபாளையத்தில் காய்கறி வாங்கப் போனால், "இன்னும் போகலையா?" பூக்கடையில், "என்னத்தா, போகலையா?" பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்கிற அம்மாள்கூடக் கேட்டாள். கேட்பவர்களுக்கு அந்தக் கேள்வியில் ஒரு கற்கண்டு இருக்கிறது. வாயில் போட்டு மெதுவாகச் சப்புவார்கள். பதில் அவர்களுக்கு வேண்டாம்.

அவர்களை மட்டும் பழித்து என்ன? அந்த ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன், மதுவையும் கூட்டிக்கொண்டு. தேர் வடம் பிடிக்கிற நெரிசல். எதிரே என்னோடு பத்தாம் வகுப்பு படித்தவள் வந்துவிட்டாள். கெடா வெட்டுக்கு வந்து கழுத்துத் தலையணை கொடுத்தவளும் அவள்தான்.

"ஏட்டி, நீ தீவுக்குப் போகல?"

என் வாயில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "போயிட்டேன்ட்டி. தேருக்காக லீவு போட்டுட்டு வந்தோம்."

"அப்படியா! எப்படி இருக்கு ஊரு?"

"நல்லாருக்கு. காத்து நல்லா அடிக்குது."

"பிள்ளைகளுக்குப் பிடிச்சிருக்கா?"

"ரொம்ப" என்றேன். மது பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. காலுக்கு வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து ஒரு காலை, மது மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இரட்டைச் சடை, ரிப்பன், பள்ளிச் சீருடை. மீனா அக்காவின் மகள் இப்போது கிருஷ்ணன்கோவிலுக்குக் கல்லூரி பஸ்ஸில் போகிறாள். அவள் போட்டுக் கழித்த சீருடை அது. வாசலில் மாமனார் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்ட?" என்றேன்.

"ஸ்கூலுக்கு. நேத்தே சேந்துட்டேன்."

ஏழாவது வரை என்னைக் கேட்காமல் ரிப்பன்கூட வாங்காத பிள்ளை. முதல் நாள், பெட்டியைத் தானே திறந்து டி.சி.யை எடுத்திருக்கிறாள். தாத்தாவிடம் போய், "என்னை ஸ்கூல்ல விடுங்க" என்றிருக்கிறாள். அவர் ஒரு கேள்வி கேட்காமல் சட்டையை மாட்டியிருக்கிறார்.

அவள் சொன்ன பொய்

சாயங்காலம்தான் முழுக் கதையும் வெளியே வந்தது.

"அப்பா அம்மா ஏன் வரலன்னு எச்.எம். கேட்டாங்க. வீட்லதான் இருக்காங்க, ஆனா வரமாட்டாங்கன்னா சொல்ல முடியும்?" என்றாள் மது. "மொரீசியஸ் போயிட்டாங்க, நான் தாத்தாகூட இருக்கேன்னு சொன்னேன். நீங்க சொல்றதுதானே அது."

செந்தில் மாமனாரைப் பார்த்துக் கத்தினார். "சின்னப்பிள்ள பொய் சொல்லுது, நீங்களும் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களாப்பா?"

மாமனார் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பொய் தப்புதான், யாரு இல்லைன்னா? ஆனா ஒங்க பொய்யில பிள்ள வீட்டுல கெடந்துச்சு. அவ பொய்யில பள்ளிக்கூடம் போகுது. எது நல்ல பொய்யின்னு நீயே சொல்லு."

செந்தில் மாடிக்குப் போய்விட்டார். தலைமையாசிரியை தினமும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், ராஜபாளையத்து ஊர்ப்பேச்சு அவர் காதுக்குப் போகாது என்று மீனா அக்கா சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அன்றிலிருந்து பள்ளியைப் பொறுத்தவரை நான் தீவில் இருந்தேன். பள்ளி விடும் நேரத்தில் வாசலுக்கு வரமாட்டேன். மதுவின் தோழிகள் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை திடீரென்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் கையில் முறுக்குத் தட்டோடு கூடத்தில் மாட்டிக்கொண்டேன்.

"இது எங்க சித்தி" என்றாள் மது.

தட்டை நீட்டினேன். ஒரு பெண் முறுக்கை எடுத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்க அம்மாவும் இவிய மாதிரியே இருப்பாவளா?"

மது சற்று யோசித்தாள். "இல்ல. எங்கம்மா இன்னும் கொஞ்சம் கலரு."

தோழிகள் போனபின் நான் அடுக்களையில் நின்று அழுதேன் என்று எழுதினால் வாசகர்களுக்கு நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. கண்ணாடி முன்னால் போய் நின்று, சித்திக்குப் பொட்டை மாற்றி வைக்கலாமா என்று யோசித்தேன். அவ்வளவுக்கு இறங்கியிருந்தேன்.

மணி அடித்தது

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோரோ பொறுப்பாளரோ நேரில் வந்து மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும் என்று தகவல் வந்தது. மாமனாருக்கு அன்று காய்ச்சல். அப்படித்தான் அந்த அறையில், அந்த மின்விசிறிக்குக் கீழே நான் போய் உட்கார்ந்தேன்.

"போன்லயாவது பேசுவாவளாம்மா ஒங்க அம்மா?" என்று தலைமையாசிரியை மதுவிடம் கேட்டார்.

"பேசுவாங்க மிஸ். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்னு சொல்வாங்க."

"எத்தன வாரமா சொல்லுதாவ?"

"மே மாசத்துல இருந்து."

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "கேட்டீகளா?"

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் எனக்குள் ஏதோ அவிழ்ந்துகொண்டது. "எங்க அக்கா சின்ன வயசுல இருந்தே அப்படித்தான் டீச்சர்" என்று ஆரம்பித்தேன். "ஊர் என்ன சொல்லும்னு பாத்துப் பாத்தே காலத்த ஓட்டுவா. பிள்ளைக்காகன்னு சொல்வா, ஆனா பிள்ளைய ஏறிட்டுப் பாக்கமாட்டா. புருசன் ஒண்ணு சொன்னா தப்புன்னு தெரிஞ்சாலும் தலையாட்டுவா."

"அப்படிச் சொல்லுங்க! அக்காவாச்சேன்னு பாக்காதீக" என்றார் அவர்.

"தைரியசாலி மாதிரி நடிப்பா டீச்சர். அம்புட்டும் பயம்."

அந்த அக்காவைத் திட்டத் திட்ட எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. மது என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. நான் நிறுத்தவில்லை.

"இருங்க, நானே ரெண்டு வார்த்த பேசுதேன்" என்று தலைமையாசிரியை சேர்க்கைப் படிவத்தை இழுத்தார். "அம்மா நம்பருன்னு ஒண்ணு எழுதியிருக்கே பிள்ள. வாட்ஸ்அப்புல போகும்ல?" படிவத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணை அழுத்தினார்.

உண்மையை நானே எழுந்து நின்று சொன்னேன் என்று எழுத ஆசைதான். என் கைப்பைதான் சொன்னது.

மடியில் போன் அதிர்ந்து, அழைப்பு மணியாக வைத்திருந்த கந்தசஷ்டி கவசத்தைப் பாட ஆரம்பித்தது. தலைமையாசிரியை போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் பையைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு மறுபடி பையை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க" என்றார்.

நான் எடுக்கவில்லை. "நான்தான் டீச்சர் அவ அம்மா."

"மதுமிதா, நீ க்ளாசுக்குப் போ."

மது அசையவில்லை. அவர் இன்னொரு முறை சொன்னபின்தான் போனாள். கதவருகில் நின்று என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது பயமில்லை, கோபம்.

"தீவுல இருந்து எப்ப வந்தீக?"

"போகவே இல்ல டீச்சர்." எல்லாவற்றையும் சொன்னேன். கெடா, பெட்டிகள், புது இயக்குநர், தேர்க்கூட்டத்தில் நான் சொன்ன பொய்வரை. முடித்ததும் அவர் கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"தீவுல இருக்கீகன்னு நினைச்சு ஒங்களக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு இருந்தேன். தீவுல இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வரலையே நீங்க."

டஸ்டருக்கு அடியிலிருந்து மதுவின் மதிப்பெண் அட்டையை உருவினார்.

"பிள்ளைய வெளிய அனுப்பிருவேன்னு பயப்படாதீக. வகுப்புல ரெண்டாவதா வந்திருக்கா. தமிழ்ல நிறையப் பிழை, அது பொறவு சரியாயிரும். நாளைக்கு நீங்களும் அவ அப்பாவும் ரெண்டு பேரும் வரணும். அம்மான்னு எழுதி நீங்க, அப்பான்னு எழுதி அவரு, கையெழுத்துப் போடணும். சித்தி கையெழுத்து எனக்கு வேண்டாம்."

மறுநாள் செந்தில் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். "மேடம், ஆக்சுவலா இது ப்ராசஸ்ல..." என்று தொடங்கினார். தலைமையாசிரியை பேனாவை நீட்டினார். வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். "எனக்கு வெக்கமா இருக்கு" என்றார். ஐந்து மாதத்தில் அவர் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை அது.

போகல, அதுக்கென்ன?

மது என்னோடு ஐந்து நாள் பேசவில்லை. ஆறாம் நாள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "நான் அங்க சொல்லி வச்சிருந்ததெல்லாம் உடைச்சுட்டு வந்துட்டல்ல? இப்ப க்ளாஸ்ல நான் என்ன சொல்றது?"

அவளாகவே சமாளித்தாள். முறுக்குத் தின்ற அந்தப் பெண் வகுப்பில் எல்லோர் முன்னாலும், "ஒங்க அம்மா தீவுல இல்லையாமே?" என்று கேட்டிருக்கிறாள். மது, "ஆமா. போகல. இங்கதான் இருக்காங்க. அதுக்கென்ன?" என்றிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அதற்குமேல் கேட்க எதுவும் இருக்கவில்லை. மறுநாள் இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்களாம்.

இரண்டு பட்டதாரிகள், ஒரு கெடா, ஏழு பெட்டிகள் சேர்ந்து சொல்ல முடியாத பதில் அது.

நான் பெட்டிகளைத் திறந்தேன். செந்தில் தடுக்கவில்லை. குக்கரை எடுத்து மீனா அக்காவின் அடுப்பில் வைத்தேன். கவினைப் பக்கத்துத் தெரு நர்சரியில் சேர்த்தோம். போகிற முதல் நாள் அவன் மட்டும் அழுதான். செந்தில் அண்ணனோடு தறி ஷெட்டுக்குப் போய்வர ஆரம்பித்தார். சாயங்காலம் வரும்போது தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். பூக்கடையில், "இன்னும் போகலையா?" என்றார்கள். "இல்ல" என்றேன். அவர்களும் விட்டுவிட்டார்கள்.

யாரும் காத்திராத நேரத்தில், பொங்கல் கழித்து அனுமதிச் சீட்டு வந்தது. அன்றே டிக்கெட் பார்க்க உட்கார்ந்தார் செந்தில்.

"முழுப்பரீட்சை முடிஞ்சுதான் நான் வருவேன்" என்றாள் மது.

அவர் மறுபேச்சுப் பேசாமல் தனியாகக் கிளம்பினார். மாமனாருக்கும் அண்ணனுக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. மொபெட்டில் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு மாமனார்தான் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார்.

தேர்வு முடிந்து டி.சி. வாங்க மதுவோடு அதே அறைக்குப் போனேன். தலைமையாசிரியை பேனா மூடியைத் திறந்தவர், மறுபடி மூடினார்.

"டிக்கெட்டக் காட்டுங்க."

போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எங்கள் மூன்று பேர் பெயரையும், தேதியையும், மதுரையிலிருந்து எந்த வழியாகப் போகிறோம் என்பதையும் விரலால் நகர்த்தி நகர்த்திப் படித்தார். அதன்பின்தான் எழுதினார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிட்டு மதுவைப் பார்த்தார்.

"அங்கன புதுப் பள்ளிக்கூடத்துல அப்பா அம்மா எங்கன்னு கேட்டா என்னத்தா சொல்லுவ?"

மது என்னை ஒருமுறை பார்த்தாள். "அவங்க வர்றாங்களான்னு பாத்துட்டுச் சொல்றேன், மிஸ்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இங்கே மொரீசியஸில் அவளைப் பள்ளியில் சேர்க்கிற அன்று நானும் செந்திலும் முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். கேட் பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். மது எங்களைத் தெரியாதவள்போலப் பத்தடி தள்ளி நின்றிருந்தாள்.